பட்டியல் இளைத்த விதம்

ஜூலையில் மேலிடத்துக் கடிதம் வந்தது:
பட்டியல் பருத்துவிட்டது, இளைக்க வையுங்கள்.
கத்தி பிடிப்பவர்களுக்கு அல்ல,
தொலைபேசி பிடிக்கும் எனக்கு.

டாஸ்மேனியாவின் வடமேற்குக் கரை, இரண்டாம் தளம்.
ஜன்னலுக்கு வெளியே பாஸ் நீரிணை
ஈயத்தை உருக்கி ஊற்றியதுபோல் கிடக்கிறது.
திரையில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
இடுப்பு, முழங்கால், பித்தப்பை, கண்புரை.
ஒரு குடலிறக்கத்துக்கு எதிரே யாரோ
"பொறுமையானவர்" என்று குறித்திருக்கிறார்கள்.

அலுவலக மொழியில் இதற்கு விருப்ப அறுவை என்று பெயர்.
டெஸ்லி வூலி தன் வீட்டு மாடிப்படியை
உட்கார்ந்தபடி, ஒவ்வொன்றாக
நகர்ந்து இறங்குகிறாள்.
விருப்பம்.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி:
இன்னும் தேவைப்படுகிறதா?
மூன்று முறை அழைத்தும் எடுக்காவிட்டால் நீக்கு.
ஊர் மாறியிருந்தால் நீக்கு.
காசு கொடுத்து மெல்பர்னில் செய்துகொண்டிருந்தால்
வாழ்த்திவிட்டு நீக்கு.

கெரின் பாட் பள்ளிப் பேருந்தை ஓரங்கட்டிவிட்டுப் பேசினாள்.
பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.
"தேவையான்னா கேக்கறீங்க?
வெண்ணெய்னு சொன்னாலே வலிக்குது."

கிங் தீவில் கடற்பாசி அள்ளும் லோக்கி மெக்ஃபை
அலையைக் காதால் பார்த்துக்கொள்கிறாராம்.
விமானச் சீட்டுக்கு யார் பணம் தருவார்கள் என்று மட்டும் கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.
தேவை என்று குறித்தேன்.

டான்சில் வீங்கிய ஆறு வயதுப் பையனுக்கு
இப்போது ஒன்பது. அவனே எடுத்தான்.
அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள்.
குறட்டை இன்னும் வருகிறதா என்றேன்.
தூங்கும்போது எனக்கு எப்படித் தெரியும் என்றான்.
நியாயம்தான்.

வெள்ளிக்குள் நாற்பத்தொரு பேர் குறைந்தார்கள்.
ஒருவர் உடம்பிலும் ஒரு தையல் விழவில்லை.
மேலாளர் ஃபெலிசிட்டி கேக் வாங்கி வந்தாள்.
எலுமிச்சை கேக். நன்றாகவே இருந்தது.

நாற்பத்திரண்டாவது எல்வின் டப்,
உருளைக்கிழங்கு விவசாயி, இடது இடுப்பு,
நான்கு குளிர்காலம்.
மனைவி எடுத்தாள்.
மார்ச்சிலேயே போய்விட்டார், இதயம்.
வருத்தம் சொல்லி, பெயரை எடுத்துவிடுகிறேன் என்றேன்.
சற்று நேரம் கெட்டில் கொதிக்கும் சத்தம் மட்டும்.
"எத்தனாவதா இருக்கார்?"
பத்தொன்பது.
"நானூறுல ஆரம்பிச்சவர். முன்னால வர்ற வரைக்கும்
இருந்துட்டுப் போகட்டுமே."

விதி அப்படி இல்லை.
என் விரல் நீக்கு என்ற சொல்லின்மேல் இருந்தது.
எடுத்துவிட்டேன். விரலை.

அக்டோபரில், வைன்யார்டில் துலிப் வயல்கள் விரிந்த வாரம்,
இரண்டாம் தியேட்டர் சனிக்கிழமையும் திறந்தது.
கடிதத்தால் அல்ல.
மயக்க மருந்து கொடுக்கும் இருவரும்
செவிலி அஞ்சு ஷ்ரேஷ்டாவும்
உணவுக்கூடத்து மேசையில், பழைய மெனுவின் பின்பக்கத்தில்
கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.
இத்தனை நாளும் இல்லாமலிருந்தது கத்தி அல்ல,
அறுத்தபின் படுக்க ஒரு கட்டில்.
காலையில் வந்து மாலையில் வீடு போகக்கூடியவர்களைச்
சனிக்கு நகர்த்தினார்கள்.
கெரின் போனாள், கல்லைக் குப்பியில் கேட்டு வாங்கி
பேருந்தில் காட்டினாள்.
வார நாட்களில் கட்டில்கள் காலியாக,
இடுப்புகள் நகர்ந்தன.

ஒரு நாள் வரிசையின் முதலாவதாக
எல்வின் டப் வந்து நின்றார்.
செவ்வாய், காலை ஏழேகால்.

அவர் மனைவியை அழைத்தேன். அழைத்திருக்க வேண்டியதில்லை.
"வந்துட்டாரா?"
வந்துவிட்டார்.
"அப்ப அந்த இடம் யாருக்கு?"
பெயர் சொல்லக்கூடாது.
படியில் உட்கார்ந்து இறங்கும் ஒருத்திக்கு என்றேன்.
"ராத்திரி பன்னண்டுக்கு மேல எதுவும்
சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிடுங்க.
அவர் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினது.
இன்னும் அங்கதான் இருக்கு."

சொன்னேன். டெஸ்லி வூலி ஒரு முறை திருப்பிச் சொன்னாள்,
பேனா தேடினாள், கிடைக்கவில்லை,
மனதில் வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

அந்த வார அறிக்கையில்
இரண்டு பேர் குறைந்ததாக வந்தது.
ஒன்று என்று நான்
தனியாக எழுதிவைத்திருக்கிறேன்.